காற்றிலிருந்து வெந்நீர்

வெப்பம் வேண்டுமானால் எதையாவது எரித்தே ஆகவேண்டும் என்பது, மனிதன் நெருப்பைக் கண்ட நாள் தொட்டு நிலவி வரும் நம்பிக்கை. விறகை எரிக்கிறோம், எரிவாயுவை எரிக்கிறோம். மின்சாரக் கீசரும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைக் காயவைத்தே நீரைச் சுடவைக்கிறது. எதையும் எரிக்காமல், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவர இயலுமா? இயலும். அப்பணியைச் செய்யும் கருவியே 'ஹீட் பம்ப்' எனப்படும் வெப்ப ஏற்றி.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவில் ஒன்பது பேர் வாழும் ஒரு கூட்டுக் குடும்பத்தார், குளிக்கும் வெந்நீருக்காக இதனை அமைத்தார்கள். இயற்பியல் மாணவன் என்ற ஆர்வத்தில் உடனிருந்து பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

கிணறும் பம்புசெட்டும்

நம் பள்ளத்தாக்கில் பம்புசெட்டை அறியாதவர் இல்லை. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. மின்சாரம் ஏற்றுகூலி மட்டுமே. வெப்ப ஏற்றியும் அவ்வாறே. காற்றுதான் கிணறு, அதிலுள்ள வெப்பமே தண்ணீர். 25 டிகிரிக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, 50 டிகிரி வெந்நீருக்கு ஏற்றிவிடுகிறது.

தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து உயர்ந்த வெப்பநிலைக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்பது வெப்பவியலின் இரண்டாம் விதி. வேலை செய்தால் செல்லும். அவ்வேலையைக் கம்ப்ரசர் செய்கிறது. குழாய்களுக்குள் ஒரு குளிரூட்டும் பொருள் சுற்றி வருகிறது. சான்றாக, ஆர்-134ஏ என்னும் பொருள் சாதாரண அழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளிக்காற்று படும் சுருளில் அது கொதித்து ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்க, அது சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நினைத்துக்கொள்க. சூடான ஆவி, தொட்டியைச் சுற்றியுள்ள சுருளில் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்து மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வு வழியே விரிந்து குளிர்ந்து, பழைய இடத்துக்கே திரும்புகிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் இதுவே நடைபெறுகிறது. அங்கே நாம் குளிரை வைத்துக்கொண்டு வெப்பத்தை வெளியே விடுகிறோம்; இங்கே வெப்பத்தை வைத்துக்கொண்டு குளிரை வெளியே விடுகிறோம்.

குளிர்நாட்டில் பிறந்த எண்ணம்

இம்முறையில் வீடுகளுக்கு வெப்பமூட்டலாம் என்று 1852ஆம் ஆண்டிலேயே எழுதியவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். இன்று நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் வீடுகளைக் கதகதப்பாக வைக்க இக்கருவி பரவலாகப் பயன்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் எரிவாயுக் கொதிகலனை நீக்கி இதனைப் பொருத்துவோருக்கு 2022இல் 5,000 பவுண்டு மானியம் தரத் தொடங்கினர். 2023 அக்டோபரில் அதனை 7,500 பவுண்டாக உயர்த்தினர்.

கிணறு ஆழமானால் மோட்டாருக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் அல்லவா? அதுபோல, வெளிக்காற்று குளிரக் குளிர ஏற்றவேண்டிய உயரமும் கூடும். 0 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்றும் குறையற்ற கருவி, கார்னோவின் கணக்குப்படி, செலுத்தும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 6 பங்கு வெப்பம் தரலாம். 25 டிகிரிக் காற்றானால் ஏறத்தாழ 11 பங்கு தரலாம். நடைமுறைக் கருவிகள் இந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கும். நம் வெப்பநிலையில் 3 பங்கு எதிர்பார்ப்பது நியாயம். குளிர்நாட்டாரின் கிணறு ஆழமானது. தேனிக்காரரின் கிணற்றிலோ நீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது! நம் ஊரில் அறையைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் விடியற்காலையில் வெந்நீர் தேவைப்படாத வீடு உண்டா?

அமைக்கும் முறை

அவ்வீட்டார் வாங்கியது 200 லிட்டர் தொட்டி. அமைத்தபோது கவனித்தவை இவை:

கருவி காற்றோட்டமான வெளியிடத்தில் நிற்கவேண்டும். அடைத்த அறையில் வைத்தால், தான் வெளியிட்ட குளிர்காற்றையே மீண்டும் இழுத்துத் திறன் குன்றும். தொட்டி நிறைந்தால் எடை மிகும். எனவே உறுதியான, சமமான சிமெண்டு மேடை வேண்டும். காற்றின் ஈரம் சுருளில் பட்டு நீராகச் சொட்டும். அது வடியக் குழாய் வேண்டும். விசிறியும் கம்ப்ரசரும் இரைவதால் படுக்கையறைச் சன்னலருகே வைக்கலாகாது. தனி மின்இணைப்பும் முறையான எர்த்தும் இன்றியமையாதவை. தொட்டி நிறையும் முன் சுவிட்சைப் போடக்கூடாது. வெந்நீர்க் குழாய்க்கு வெப்பம் கடத்தாத உறை போடாவிட்டால், ஏற்றிய வெப்பம் வழியிலேயே சிந்திப்போகும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் தொட்டியை அரிக்கும். அதனைத் தடுக்க உள்ளே செருகியுள்ள மக்னீசியத் தண்டைப் பார்த்து மாற்றிவர வேண்டும்.

வரவும் செலவும்

200 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சுடவைக்க ஏறத்தாழ 5.8 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் அந்த 5.8 யூனிட்டையும் மின்சாரமாகக் குடிக்கும். வெப்ப ஏற்றிக்கு 2 யூனிட் போதும். இரு மாத மின்கணக்கில் 230 யூனிட் வரை மிச்சம்.

ஆயினும் இதன் விலை கீசரைப் போலப் பல மடங்கு. இருவர் மட்டும் வாழும் வீட்டில், இரண்டு வாளி வெந்நீருக்காக இதனை வாங்குவது அறிவுடைமை ஆகாது. மாடியில் நல்ல வெயில் விழுமாயின் சூரிய வெந்நீர்க் கருவியே மேல். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியன் முகம் காட்டாத நாளிலும் வெப்ப ஏற்றி வேலை செய்யும். தொட்டியின் தடித்த உறையால் சூடு பல மணி நேரம் தங்குவதால் சிறிது நேர மின்தடையும் பெரிதாகப் பாதிக்காது.

கருவியிலுள்ள வாயு கசிந்தால் புவி வெப்பமடைவதற்குத் துணைபோகும் என்பதையும் மறைக்கலாகாது. ஆர்-134ஏ, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் 2016இல் கிகாலியில் உடன்பட்டன. எனவே பழுது பார்ப்போர் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் பிடித்துச் சேமிக்கக் கற்றிருக்க வேண்டும். நம் ஊர் இளைஞர்களுக்கு இதில் ஒரு தொழிலும் காத்திருக்கிறது.

எண்களில் அடங்காத கணக்கு ஒன்றும் உண்டு. அந்த ஒன்பது பேருக்கும் வெந்நீர் அண்டாவின் அடியில் தென்னை மட்டையும் பாளையும் திணித்து, ஊதுகுழலால் ஊதிப் புகையைச் சுவாசித்து வந்தவர் அவ்வீட்டு அம்மா ஒருவரே. மூச்சிரைப்பு வந்த பிறகும் ஊதினார். எரிபொருள் தோப்பிலிருந்து இலவசமாக வந்தது என்பார்கள். அதன் விலையை அவர் நெஞ்சு கொடுத்தது.

ஆகவே, கருவி புதுமையானது என்பதற்காக வாங்க வேண்டாம். விலை அதிகம் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். நாள்தோறும் எத்தனை லிட்டர் வேண்டும், எத்தனை யூனிட் ஆகும், யாருடைய உழைப்பில் அது சுடுகிறது என்னும் மூன்றையும் கூட்டிப் பார்ப்போம். பலர் கூடி வாழும் மாணவர் விடுதிகளும் மருத்துவமனைகளும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. வகுப்பறையில் நாம் படிக்கும் வெப்பவியல், தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் ஒரு வீட்டின் புகையைப் போக்குமாயின், அதுவே அக்கல்வியின் பயன்.