குருளையர், நீலப்பறவையர்: சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு குழு



குழுவில் சேர்ந்த பிறகுதான் நம்மில் பலர் பேங்குக்குத் தனியாகப் போகப் பழகினோம். நாலு பேர் முன்னால் பேசப் பழகினோம். கூடி உட்கார்ந்தால் தைரியம் வரும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். அதேபோல நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு குழு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

திருப்பூர்ப் பக்கம் நம்ம நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டிலோ, டி.வி. முன்னாலோ, செல்போனிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் நமக்கும் அவர்களுக்கும். இந்த நிலைமையில் பிள்ளை நல்ல பழக்கம் கற்றுக்கொள்ள யாராவது கை கொடுத்தால் நல்லதுதானே?

இது என்ன இயக்கம்?

சாரணர் இயக்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சீருடையும் கழுத்தில் ஸ்கார்ஃபும் போட்டுச் சுதந்திர தின அணிவகுப்பில் வருவார்களே, அவர்கள்தான். இங்கிலாந்தில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி 1907-ல் 20 சிறுவர்களோடு ஒரு தீவில் முகாம் போட்டு இதைத் தொடங்கினார். நம் நாட்டுக்கு 1909-ல் வந்தது. ஆனால் முதலில் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால் 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ந்தேதி, பல சங்கங்கள் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது.

பத்து வயதுக்கு மேல் ஆண்பிள்ளைகள் சாரணர், பெண்பிள்ளைகள் சாரணியர். அதற்கும் சின்னவர்கள், அதாவது ஐந்து ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை, ஆண்பிள்ளைகள் குருளையர், பெண்பிள்ளைகள் நீலப்பறவையர். குருளை என்றால் ஓநாய், புலி போன்றவற்றின் குட்டி. ஆங்கிலத்தில் கப், புல்புல் என்பார்கள். சாதி, மதம், கட்சி எதுவும் இதில் பார்ப்பதில்லை. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவும் கூடாது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

நம்ம குழு மாதிரியே வாராவாரம் கூட்டம். ஆறு ஆறு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு ஆறு பேருக்கும் ஒரு பிள்ளை தலைவர். பாட்டு, கதை, விளையாட்டு என்றுதான் எல்லாமே நடக்கும். குருளையருக்கு, காட்டில் ஓநாய்களோடு வளர்ந்த மௌக்லி கதைதான் அடிப்படை. அதனால் அவர்களுடைய ஆசிரியரை அந்தக் கதையில் வரும் ஓநாய்த் தலைவன் பெயரால் ‘அகேலா’ என்று கூப்பிடுவார்கள்.

விளையாட்டோடு விளையாட்டாகப் பல் விளக்குவது, நகம் வெட்டுவது, கை கழுவுவது, முடிச்சுப் போடுவது, சின்னக் காயத்துக்குக் கட்டுப் போடுவது, கொடிக்கு மரியாதை செய்வது எல்லாம் வரும். தறி ஓட்டும் அக்காமாருக்கு ஒரு செய்தி: நூல் அறுந்தால் நீங்கள் போடுகிற நெசவாளர் முடிச்சு, சாரணர்கள் பாடமாகப் படிக்கிற முடிச்சுகளில் ஒன்றுதான். பிள்ளைக்கு அதை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

இவர்களுக்கு விதி இரண்டுதான். பெரியவர்களை மதிக்க வேண்டும். சுத்தமாகவும் பணிவாகவும் இருக்க வேண்டும். இதோடு தினமும் யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்வதாக உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அம்மா அப்பாவுக்கு என்ன வேலை?

“எங்களுக்கே நேரமில்லீங்க, இதுல இது வேறயா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வாரத்தில் ஒருமணி நேரம் சொல்லிக் கொடுப்பது வீட்டில் நடந்தால்தான் பழக்கமாகும். ராத்திரி சாப்பிடும்போது, “இன்னிக்கு என்ன நல்ல காரியம் செஞ்ச கண்ணு?” என்று கேளுங்கள். பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்று சொன்னாலும் போதும். தன் தட்டைத் தானே கழுவட்டும், பள்ளிக்கூடப் பையைத் தானே அடுக்கட்டும். பெண்பிள்ளைக்கு மட்டும் வீட்டுவேலை, ஆண்பிள்ளைக்கு விளையாட்டு என்று பிரிக்காதீர்கள். விதி இருவருக்கும் ஒன்றுதான். அப்பாவையும் கேட்கச் சொல்லுங்கள்.

செலவு?

சேர்ந்த அன்றைக்கே சீருடை வாங்க ஓட வேண்டாம். முதலில் ‘பிரவேஷ்’ என்ற தொடக்கநிலையை முடித்து, உறுதிமொழி எடுத்த பிறகுதான் சீருடை. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். பதிவுக் கட்டணம், சீருடை, முகாம் மூன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். நம்ம குழுவில் ரசீது இல்லாமல் பணம் கொடுப்போமா?

அனுப்பும் முன் கேளுங்கள்

இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடந்தது. அங்கே தங்கிய மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். என்.சி.சி. வேறு, சாரணர் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். உடுப்பையும் பேரையும் பார்த்து மட்டும் நம்பக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை:
1. இந்தக் குழு மாவட்ட சாரண சாரணியர் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா?
2. நடத்துபவர் பயிற்சி பெற்றவரா? சான்று இருக்கிறதா?
3. பெண்பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் எப்போதும் இருப்பாரா?
4. வெளியே கூட்டிப்போனால் எங்கே, எத்தனை நாள், யார் யார் கூட வருகிறார்கள்? எழுத்தில் கொடுப்பார்களா?
5. பிள்ளையோடு நாம் எப்போது வேண்டுமானாலும் போனில் பேசலாமா, நேரில் போய்ப் பார்க்கலாமா?

நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அனுப்ப வேண்டாம். “யார் தொட்டாலும் பிடிக்கலைன்னா அம்மாகிட்ட வந்து சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்” என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

“எங்க பள்ளிக்கூடத்துல இல்லையே?”

எல்லாப் பள்ளியிலும் இது கிடையாது. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம உறுப்பினர்கள் இருந்தால் அங்கே பேசுங்கள். பள்ளியைச் சாராமல் ஊரிலேயே பொதுவாக நடத்தும் குழுக்களும் உண்டு. முறையாகப் பயிற்சி எடுத்தால் பெண்களே நடத்தலாம். நீலப்பறவையருக்குப் பெண்தான் தலைவி. குருளையருக்கும் பெண்கள் தலைமை ஏற்கலாம். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளோ மகளோ, பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பவர் என்றால், இது நல்ல பொறுப்பு.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் சாரணர்களின் வைரவிழாப் பெருமுகாம் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள். நம்ம பிள்ளைகளும் வளர்ந்து அப்படி ஒரு முகாமுக்குப் போகலாம். அதற்கு முதல்படி இந்தச் சின்ன வயதுக் குழுதான்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பத்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பள்ளியில் போய்ப் பேச இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒரு அம்மா தனியாகப் போய்க் கேட்டால் “பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவார்கள். குழுவாகப் போய்க் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அது நமக்குத் தெரியாததா?