வெள்ளநீர் புகுந்த ஸ்கூட்டர் எஞ்சின்: ஸ்டார்ட் ஆகாததன் காரணம் அறிதல்

மழைவெள்ளத்தில் நின்ற ஸ்கூட்டர் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைப் படிப்படியாகச் சோதித்துக் கண்டறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது. இதில் சோதனைகளின் வரிசை மிக முக்கியமானது. வரிசை மாறினால் சில நூறு ரூபாயில் முடியும் வேலை, எஞ்சினையே பிரிக்கும் செலவாக மாறக்கூடும்.

பின்னணி

2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே அமைந்த ஜாபர்கான்பேட்டை, கே.கே. நகர், அசோக் நகர் ஆகிய பகுதிகளின் தெருக்களில் வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகள் நீரில் நின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் நிறுத்தப்படும் இருசக்கர வாகனங்களே இத்தகைய வெள்ளத்தில் முதலில் மூழ்குகின்றன. தண்ணீர் வடிந்தவுடன் செல்ஃப் பட்டனை அழுத்திப் பார்ப்பது பலரின் வழக்கம். எஞ்சின் கெடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாதது ஏன்?

பெட்ரோல் எஞ்சின் இயங்க எரிபொருள், காற்று, அழுத்தம், தீப்பொறி ஆகிய நான்கும் தேவை. பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சுருங்கி அழுத்தம் பெறுகிறது. நீர் அவ்வாறு சுருங்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எஞ்சினின் கொள்ளளவு 110 சி.சி., அழுத்த விகிதம் 10:1 எனக் கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 110-ஐ 9-ஆல் வகுத்தால் கிடைக்கும் சுமார் 12 சி.சி. மட்டுமே. சிலிண்டருக்குள் அதைவிட அதிகமாக, அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு நீர் இருந்தாலே பிஸ்டன் மேலே போக இடமில்லை. செல்ஃப் மோட்டாரோ வேகமான உதையோ அதை மேலே தள்ள முயன்றால் கனெக்டிங் ராடு வளையலாம்.

சோதனை வரிசை

1. நீர் எட்டிய உயரம்: வண்டியின் மீதுள்ள சேற்றுக்கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு ஏர் ஃபில்டர் பெட்டிக்கு மேல் இருந்தால் சிலிண்டர் வரை நீர் போயிருக்கக்கூடும். சைலன்சர் மட்டும் மூழ்கியிருந்தாலும், எஞ்சின் நின்ற நிலையில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால் அவ்வழியே நீர் புகலாம். சாவியைப் போடாமல் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்.

2. எஞ்சின் ஆயில்: ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. அதை முழுவதும் வடித்துப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும்.

3. ஸ்பார்க் பிளக்: பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்த வேண்டும். சிலிண்டரில் நீர் இருந்தால் துளை வழியே பீய்ச்சி அடிக்கும்; எனவே முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். நீர் வருவது நிற்கும் வரை இதைத் தொடரலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கிக்கர் அசையவில்லை என்றால் உள்ளே துரு பிடித்திருக்கலாம், அல்லது பாகம் வளைந்திருக்கலாம். அத்துடன் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்வதே சரி.

4. பெட்ரோல்: டேங்கிலிருந்து சிறிது பெட்ரோலைத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வைக்க வேண்டும். நீர் கனமானதால் அடியில் தனி அடுக்காகத் தங்கும். இந்தியாவில் 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் அளவு மீறும்போது இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் காலி செய்ய வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அதன் அடிக்கிண்ணத்தையும் வடிக்க வேண்டும்.

5. காற்று: ஏர் ஃபில்டர் பெட்டியைத் துடைத்து உலர்த்த வேண்டும். நனைந்த காகித ஃபில்டரைக் காயவைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

6. மின்சாரம்: இணைப்புகள் நன்கு காய்ந்த பிறகே பேட்டரியை மீண்டும் இணைக்க வேண்டும். ஃபியூஸ், பிளக் கேப் ஆகியவற்றைப் பார்த்து, உலர்ந்த பிளக்கையோ புதிய பிளக்கையோ பொருத்தலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அமைந்த ஸ்கூட்டர்களில் பொதுவாக ஃபியூயல் இன்ஜெக்ஷன் முறை உள்ளது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் சில நொடிகள் ரீங்கரிக்க வேண்டும். ஒலி இல்லாவிட்டாலோ, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டாலோ கோளாறு மின்பகுதியில் இருக்கலாம்.

முதல் ஓட்டம்

எல்லாம் சரியாக இருந்தால் கிக்கரால் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை முறுக்காமல் சில நிமிடம் ஓடவிட வேண்டும். முதலில் வரும் வெண்புகை சைலன்சரில் தங்கிய நீரின் ஆவியாகும். அது விரைவில் நின்றுவிடும். ஆயில் மீண்டும் வெளுத்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும். சாலையில் இறங்கும் முன் பின்சக்கர கியர் ஆயிலையும், பெல்ட் பெட்டியையும், பிரேக்கையும் சோதிப்பது அவசியம்.

காப்பீடு

விரிவான காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாக அடங்கும். ஆனால் நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் விளைந்த சேதத்தைப் பின்விளைவாகக் கருதி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. உணவு விநியோகம் போன்ற தொழில்களுக்கு ஸ்கூட்டரையே நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. எனவே வண்டியைத் தொடும் முன் சேற்றுக்கோடு தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்த பிறகு பழுதுவேலையைத் தொடங்குவது நல்லது.