யானைகளின் நடுவே ஒரு நங்கை

உடையின் சிறப்பு அதன் நிறத்திலேயே உள்ளது என்று கருதுவோர் பலர். அங்ஙனமாயின், கறுப்பு வெள்ளை நிழற்படத்தில் உடையழகைக் காண்பது எவ்வாறு? ஒளி, நிற்கும் நிலை, துணியின் தன்மை ஆகிய மூன்றையும் உற்று நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். புகழ்பெற்ற படமொன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்க நிழற்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன், பாரிஸ் நகரத்துச் சர்க்கஸ் மண்டபமொன்றில் 'ஹார்ப்பர்ஸ் பசார்' என்னும் சஞ்சிகைக்காக இப்படத்தை எடுத்தார். டோவிமா என்ற பெயரால் அறியப்பட்ட நங்கை, டியோர் நிலையத்தின் மாலை நேர ஆடையணிந்து யானைகளின் நடுவே நிற்கின்றார்.

முதலில் ஒளியைக் காண்போம். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் பகலொளி, யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டுகின்றது. கரிய வெல்வெட் ஆடையோ அவ்வொளியை விழுங்கிவிடுகின்றது. இடையிற் கட்டிய வெண்பட்டுக் கச்சை அதனைத் திருப்பி வீசுகின்றது. ஒரே ஒளியை இம்மூன்றும் வெவ்வேறாக ஏற்பதனாலன்றோ, துணியைத் தொடாமலே அதன் மென்மையை நாம் உணர்கின்றோம்!

அடுத்து, நிலை. நங்கை முகத்தை உயர்த்தி, கரங்களை இருபுறமும் நீட்டி, நெடிய வளைகோடென நிற்கின்றார். யானைகள் காலெடுத்து அசைகின்றன. அவர் முகத்திலோ அமைதி. அச்சம் இருந்ததோ இல்லையோ, படம் அதனைக் கூறாது. அமைதியாகத் தோன்றுவதும் அவர் தொழிலின் ஒரு பகுதியே.

இனி உடை. இடையினின்று நிலம் நோக்கி வீழும் வெண்கச்சையைத் தொடர்ந்து எமது கண்ணும் கீழே இறங்குகின்றது. அங்கே யானைகளின் கால்களிற் சங்கிலிகள்! ஆடையைச் சிறப்பிக்க எடுத்த படம், அடிமைத்தளையையும் மறையாது காட்டிவிட்டது.

அக்கச்சை ஒருபுறமாக வீசிப் பறந்து படத்தின் கோட்டை நிறைவு செய்யவில்லையே என்று அவெடன் பிற்காலத்தில் வருந்தினார். எடுத்தவர் கண்ட குறை அது. இன்று பார்க்கும் நம் நெஞ்சை உறுத்துவது சங்கிலி. 2010ஆம் ஆண்டில் பாரிஸில் நடைபெற்ற ஏலத்தில் இப்படத்தின் பெரும்பிரதியொன்று எட்டு இலட்சம் யூரோவுக்கும் மேலாக விலைபோயிற்று. வாங்கியது டியோர் நிறுவனமே.

விளம்பரப் படங்கள் நாள்தோறும் நம் வீட்டினுள் நுழைகின்றன. ஒளி எங்கிருந்து வருகின்றது, இந்நிலையில் நிற்கச் செய்தது எதற்காக, ஓரத்தில் இருப்பது யாது என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக. அழகினைச் சுவைக்கும் கண், சங்கிலியையும் காணல் வேண்டும்.