அணைத்துப் போடும் முன் ஒரு கேள்வி

இணையம் நின்றால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ரௌட்டர் பெட்டியை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவது. பல நேரம் அது வேலை செய்யும். ஆனால் கோளாறு எங்கே என்று பெட்டி எழுதி வைத்திருந்த குறிப்பும் அதோடு போய்விடும். பெரும்பாலான சிறிய ரௌட்டர்களில் அந்தக் குறிப்பு மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் நிற்கும். அதனால்தான் அணைக்கும் முன் பெட்டியையே கேட்கச் சொல்கிறேன். கேட்கும் வாசலின் பெயர் கன்சோல்.

இணைப்பு அறுந்தால் யார் பார்ப்பது என்ற கேள்வி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்து, எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பாமல், விஹெச்எஃப் ரேடியோ வழியாகப் பேச்சும் தரவும் ஊருக்குப் போயின. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் படித்தார்கள். இணைப்பு அறுந்தால் கடலுக்குப் போகிறவருக்கு அன்றைய அலை நிலவரம் கிடைக்காது. பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பதா, ஊரிலேயே ஒருவர் பார்த்துவிடுவதா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கன்சோலில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு வரி எழுதினால் பெட்டி பதிலை வரியாகத் தரும். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு சின்னக் கணினிதான், பெரும்பாலும் லினக்ஸில் ஓடுவது. கன்சோலுக்குப் போக இரண்டு வழி. முதலாவது, வலை வழியே உள்ளே நுழையும் எஸ்எஸ்எச். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரௌட்டர் என்றால், கணினியை அதோடு கம்பியால் இணைத்து 192.168.1.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்எச் செய்து கடவுச்சொல் கொடுத்தால் போதும்.

அந்த வழியும் அடைத்துவிட்டால் சீரியல். மூடியைக் கழற்றினால் பல போர்டுகளில் வரிசையாக நான்கு ஊசியோ நான்கு துளையோ தெரியும்: தரை, அனுப்புவது, வாங்குவது, மின்சாரம். யுஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். தரையைத் தரையோடு சேர்க்க வேண்டும். போர்டு அனுப்புவது கன்வெர்ட்டர் வாங்குவதோடும், கன்வெர்ட்டர் அனுப்புவது போர்டு வாங்குவதோடும் குறுக்காகச் சேர வேண்டும். மின்சார ஊசியைத் தொடவே வேண்டாம். போர்டு பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் பேசும். பழைய கணினியின் ஒன்பது ஊசி சீரியல் கேபிளை நேராகச் செருகினால் அதிக வோல்ட் ஏறிச் சில்லு கருகிவிடும். இணையக் கம்பெனி கொடுத்த பெட்டி நம்முடையது அல்ல, அதைத் திறக்காதீர்கள். சொந்த ரௌட்டரில் மட்டும் செய்து பாருங்கள்.

பிறகு புட்டி மென்பொருளில் வேகத்தை 115200 என்று வைத்து, பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். திரையில் வரிகள் மளமளவென ஓடும். கிறுக்கலாக வந்தால் வேகம் தப்பு, 57600 அல்லது 9600 போட்டுப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் குறுக்குக் கம்பிகள் மாறியிருக்கலாம்.

கன்சோலில் எனக்குப் பிடித்த சோதனை பிங்: ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் பெட்டிக்கு அடுத்த கேட்வேக்கு, பிறகு இணையத்தில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு, கடைசியில் ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்கு. கேட்வேயே பதில் தராவிட்டால் கோளாறு பெரும்பாலும் கம்பியிலோ அந்தப் பெட்டியிலோதான். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் லைன் நன்றாகவே இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் பெரும்பாலும் சிக்கல். இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அந்தப்பக்கம் பேசுகிறவரும் வேறு மாதிரி கேட்பார். லாக்ரீட் என்று அடித்தால், நான் முதலில் சொன்ன அந்தக் குறிப்பு வரும்.

அப்டைம் என்ற கட்டளையையும் மறக்காதீர்கள். பெட்டி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று அது சொல்லும். நீங்கள் அணைக்கவே இல்லை, கரன்ட்டும் போகவில்லை, ஆனால் இரண்டு நிமிடம் என்று காட்டுகிறதா? பெட்டி தானாகவே விழுந்து எழுகிறது. லைன்மேனைக் கூப்பிடும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.