சன்னல் துப்புரவுச் சேவை: நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவித்தல்

மும்பை, பெங்களூரு, ஐதராபாத், குருகிராம் போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கண்ணாடி முகப்புக் கொண்ட கட்டடங்களும் பெருகியதன் விளைவாக, சன்னல் துப்புரவு தனியொரு தொழிலாக உருப்பெற்றுள்ளது. முன்னர் வீட்டார் தாமே செய்துவந்த இப்பணியை இன்று சிறு நிறுவனங்களும், இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களும் மேற்கொள்கின்றன. ஏணி, வாளி, நீரை வழிக்கும் ரப்பர் பட்டை ஆகியவற்றுடன் தொடங்கக்கூடியதாதலால், குறைந்த முதலீட்டில் சுயவேலை நாடுவோருக்கு இது ஏற்ற தொழிலாகும்.

ஆனால், இத்தொழிலில் பூசல்கள் துப்புரவின் தரத்தைப் பற்றி மட்டும் எழுவதில்லை. எதற்கு உடன்பட்டோம் என்பதைப் பற்றியும் எழுகின்றன. வீட்டார் எதிர்பாராத தொகையைக் கொடுக்க நேரிடுகிறது. அல்லது தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்கான கூலி பிடித்தம் செய்யப்படுகிறது. இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும் வழி, நிபந்தனைகளைப் பணிக்கு முன்னரே தெளிவாக அறிவிப்பதேயாகும்.

வேறுபாடு எழும் இடங்கள்

‘சன்னல் ஒன்றுக்கு 100 ரூபாய்’ என்னும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். எட்டுச் சன்னல்கள் உள்ள வீட்டில் கட்டணம் 800 ரூபாய் என வீட்டார் கணக்கிடுவர். ஒவ்வொரு சன்னலிலும் இரண்டு நகரும் கண்ணாடிக் கதவுகள் இருப்பின், துப்புரவாளர் பதினாறு எனக் கணக்கிட்டு 1,600 ரூபாய் கேட்கக்கூடும். இருவரும் நேர்மையாளர்களே. ‘சன்னல்’ என்னும் சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் கொண்டதே குழப்பத்தின் காரணம். கொசுவலை, இரும்புக் கம்பி, சட்டம், நகரும் கதவின் தடம் ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்பதும் இத்தகைய கேள்வியே.

கண்ணாடியில் படியும் உப்புக்கறை மற்றொரு சிக்கலாகும். கடினநீர் நெடுங்காலம் படிந்து உலர்ந்த இடங்களில் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம்; அதனைச் சாதாரணத் துப்புரவினால் நீக்க இயலாது. புதிய கட்டடங்களில் சிமெண்டும் வண்ணமும் சிதறி ஒட்டியிருக்கும். அவற்றைச் சுரண்டும்போது கீறல் விழக்கூடும். வெயிலைத் தடுக்க ஒட்டப்படும் நிறத்தாள் அம்மோனியா கலந்த திரவத்தால் பாழாகலாம். இவற்றைப் பணிக்கு முன் கூறினால் அது எச்சரிக்கை. பின் கூறினால் சாக்குப்போக்காகவே வாடிக்கையாளருக்குத் தோன்றும்.

சட்டத்தின் நிலை

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவான வழிகாட்டுதலை அளிக்கிறது. முன்மொழிவு ஒன்று, அது யாருக்குச் செய்யப்படுகிறதோ அவரது அறிவுக்கு எட்டும்போதே முழுமையாக அறிவிக்கப்பட்டதாகும் என்று அதன் 4-ஆம் பிரிவு கூறுகிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்பதே உடன்பாடு என்பது 13-ஆம் பிரிவின் கருத்து. எனவே, பணி முடிந்தபின் பற்றுச்சீட்டில் முதன்முறையாகக் காட்டப்படும் நிபந்தனை உடன்பாட்டின் பகுதி என வாதிடுவது கடினம்.

முன்கூட்டியே அறிவித்துவிட்டால் எந்த நிபந்தனையும் செல்லும் என்றும் கருதலாகாது. லில்லி ஒயிட் என்னும் சலவை நிலையம் தொடர்பான வழக்கு இதற்குச் சான்று. துணி காணாமற்போனால் அதன் மதிப்பில் ஒரு பகுதியை மட்டுமே கோரலாம் என்று அந்நிலையத்தின் சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. அந்நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1960-களில் தீர்ப்பளித்தது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் குறித்துச் சட்ட ஆணையம் 1984-இல் தனது 103-ஆவது அறிக்கையையும், 2006-இல் 199-ஆவது அறிக்கையையும் அளித்தது.

2020-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. அளவுக்கு மீறிய முன்வைப்புத்தொகை, இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தொகை, தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறித்தல் முதலியன அதில் அடங்கும். இது பற்றிய முறையீடுகளை மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் விசாரிக்கும். சேவைக் குறைபாடு பற்றிய முறையீட்டை, செலுத்திய தொகை உரிய வரம்புக்குள் இருப்பின், மாவட்ட ஆணையத்திலேயே அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915 ஆகும். வணிக நோக்கத்திற்காகச் சேவை பெறுவோர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆகவே, அலுவலகக் கட்டடங்களின் ஒப்பந்தங்களை எழுத்தில் அமைத்துக்கொள்வது மேலும் இன்றியமையாததாகிறது.

கூற வேண்டியவை

நீண்ட ஆவணம் தேவையில்லை. கீழ்க்காணும் செய்திகள் ஒரு பக்கத்தில் அடங்கும்:

1. பணியின் எல்லை: எத்தனை கண்ணாடிகள், உட்புறமா வெளிப்புறமா, சட்டமும் வலையும் சேருமா.

2. கட்டணம்: மொத்தத் தொகை, வரி அதில் அடங்குமா, எப்போது செலுத்த வேண்டும்.

3. வீட்டார் செய்ய வேண்டியவை: தண்ணீர் வழங்குதல், அறைகலன்களை நகர்த்துதல், குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி பெறுதல்.

4. ஒத்திவைப்பு: மழையிலும் பலத்த காற்றிலும் வெளிப்புறப் பணி நடைபெறாது என்பதும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதும்; வீட்டார் ரத்துச் செய்வதாயின் எவ்வளவு நேரத்திற்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது.

5. சேதமும் குறையும்: முன்னரே உள்ள கீறல்களை இருவரும் பார்த்துக் குறித்தல், குறையைத் தெரிவிக்க வேண்டிய காலம், மறுதுப்புரவு இலவசமா என்பது.

6. ஆண்டு ஒப்பந்தம்: எத்தனை முறை வருவர், முடிவுறும் நாள், புதுப்பிக்க வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டுமா என்பது.

நான்காவது செய்தி தொழிலாளியின் உயிரோடு தொடர்புடையது. உயரமான தளங்களில் கயிற்றிலோ தொங்கும் மேடையிலோ பணிபுரிபவருக்குக் காற்றின் வேகம் பேராபத்தாகலாம். பணியை நிறுத்தும் உரிமை முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், வாடிக்கையாளரின் வற்புறுத்தலுக்கும் கூலி இழப்பு அச்சத்திற்கும் இடையே அவர் தவிக்க நேராது.

அறிவிக்கும் முறை

நிபந்தனைகள் வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். பலமொழி பேசுவோர் வாழும் பெருநகரங்களில் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட தாள் பலருக்குப் பயன்படாது. படிக்க இயலாதோருக்கு வாய்மொழியாக விளக்குதல் வேண்டும். எழுத்து கண்ணுக்குப் புலனாகும் அளவினதாக இருப்பதும், வாடிக்கையாளருக்குப் பாதகமான நிபந்தனை முதற்பக்கத்திலேயே இடம்பெறுவதும் நேர்மையாகும்.

கைப்பேசிச் செய்தியும் பயன்படும். மின்னணு வழியில் உருவானது என்னும் காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-அ பிரிவு கூறுகிறது. பணிக்கு முதல்நாள் நிபந்தனைகளை அனுப்பி, ‘சம்மதம்’ என்ற மறுமொழியைப் பெற்று வைத்துக்கொள்வது செலவற்ற முறையாகும்.

தொழிற்பயிற்சி நிலையங்களும் சுயவேலைத் திட்ட அலுவலர்களும் துப்புரவு நுட்பத்துடன் இதனையும் கற்பித்தல் நலம். மாநில மொழிகளில் எளிய மாதிரிப் படிவம் ஒன்று கிடைக்குமாயின், வழக்கறிஞரை நாட இயலாத சிறு தொழில்முனைவோர் பெரிதும் பயனடைவர். தெரிந்து உடன்பட்ட நிபந்தனை வீட்டாரின் பணத்தையும் தொழிலாளியின் கூலியையும் ஒருங்கே காக்கும் என்பதில் ஐயமில்லை.