கல் இல்லாத ஊரும் கல் காய்ச்சும் மலையும்

காரைக்கால் வயலில் கல் கிடையாது. மாங்காய் அடிக்கப் பிள்ளைகள் தேடுவது செங்கல் துண்டையும் ஓட்டாஞ்சில்லையும்தான். அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண் எல்லாமே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. நடவுக்கு உழுது போட்ட சேற்றில் இறங்கிப் பாருங்கள். முழங்கால் வரை வழுவழுவென்று வண்டல். காலில் ஏதாவது நெருடினால் அது நத்தை ஓடாக இருக்கும், கல்லாக இருக்காது. எண்ணெய் தேடி நரிமணம் பக்கம் பல ஆயிரம் அடிக்குத் துளை போட்டபோதும் வந்தது பெரும்பாலும் படிந்து இறுகிய மணலும் களியும்தான். எங்கள் மண் முழுக்க முழுக்க தண்ணீர் சுமந்து வந்து போட்ட மண்.

இந்தச் சேற்றில் நாற்று நட்ட கைகள் 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையில் கப்பலேறி, இதற்கு நேர் எதிரான ஒரு மண்ணில் கரும்பு வெட்டப் போயின. நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது ரீயூனியன் தீவு. பழைய பெயர் பூர்போன். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. தஞ்சைச் சீமையின் கூலி உழவர்கள் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுப் போனார்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்ஸும் இதற்கென உடன்படிக்கையே செய்துகொண்டன. தொழிலாளர்கள் அங்கே நடத்தப்பட்ட விதம் பற்றிய முறையீடுகள் பெருகி, 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இன்றும் அங்கே ராமசாமி என்பது குடும்பப் பெயர். திரௌபதி அம்மனை ‘பாந்தியாலே’ என்கிறார்கள். அவளுக்குத் தீ மிதிக்கிறார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த தீவு முழுவதுமே எரிமலை. கடலடியிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரமான ஒரே குவியல். அதன் தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிறது. நடுவிலுள்ள பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர், அது அடங்கிவிட்டது. தென்கிழக்கே நிற்கும் 2,632 மீட்டர் மலை அடங்கவில்லை. அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்நேஸ். உலைச் சிகரம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது.

இத்தனை முறை பொங்கும் மலையின் அடிவாரத்தில் எப்படி விவசாயம் நடக்கிறது? விடை அந்தக் குழம்பின் பதத்தில் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது அடியில் சிக்கிய ஆவி வெளியேற வழியில்லாமல் ‘தபக்’கென்று வெடித்துக் கையில் தெறிக்கும். ரசம் அப்படி இல்லை. நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியும், அவ்வளவுதான். பாறைக்குழம்பிலும் இந்த இரண்டு சாதி உண்டு. சிலிக்கா மிகுந்தால் குழம்பு கெட்டிப்படும், வாயு அடைபடும், மலை வெடிக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா அப்படி வெடித்துத்தான் 36,000 பேரைக் கொன்றது. அது எழுப்பிய கடல் அலை, காரைக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் நாகப்பட்டினத்து அலைமானியில்கூடப் பதிந்தது. ஃபூர்நேஸின் குழம்பு பசால்ட், அதன் எடையில் ஏறக்குறைய பாதிதான் சிலிக்கா. ஏறக்குறைய 1,150 டிகிரி சூட்டில் இளகி ஓடும். வாயு நெருப்பு ஊற்றாகப் பீறிட்டு அடங்க, குழம்பு சரிவில் வழிந்து கடலை நோக்கி நடக்கும். பெரும்பாலும் மனிதர் இல்லாத ஒரு பெரிய குதிரைலாடப் பள்ளத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும்.

1977 ஏப்ரலில் அப்படி முடியவில்லை. பள்ளத்துக்கு வெளியே மலை பிளந்து, பித்தோன் சேந்த்-ரோஸ் என்ற ஊருக்குள் குழம்பு இறங்கியது. வீடுகள் போயின, காவல் நிலையம் போனது. மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. மாதாகோயில் வாசல் வரை வந்த குழம்பு, இரண்டாகப் பிரிந்து சுவரை ஒட்டி இருபுறமும் ஓடி இறுகிவிட்டது. இன்றும் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் கருத்த பாறைக்கு நடுவே நடந்துதான் உள்ளே நுழைகிறார்கள். அதன் பிறகே மலைக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வந்தது. குழம்பு மேலே ஏறும்போது மலை சில சென்டிமீட்டர் உப்பும். காலுக்குத் தெரியாத சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் வரும். கருவிகள் இதைப் பிடித்து, பல தடவை சில மணி நேரம் முன்னதாகவாவது எச்சரித்துவிடுகின்றன. 2007இல் அதே மலையின் உச்சிப் பள்ளம் சுமார் 330 மீட்டர் உள்ளே இடிந்து விழுந்தது. அடியிலிருந்த குழம்பெல்லாம் வெளியே ஓடிவிட, மேல் தளம் தாங்க ஆளில்லாமல் சரிந்துவிட்டது. அந்த ஆண்டுக் குழம்பில் ஒலிவின் என்ற பளிங்குத் துகள் ஏராளம். கறுப்புக் கல்லைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பினால் பச்சைப் பயறை உடைத்துப் பதித்த மாதிரி மினுங்கும்.

இந்த நெருப்பு நமக்குப் புதியதல்ல என்பதுதான் எனக்கு இதில் ஆகப் பெரிய வியப்பு. பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை ஓரிடத்தில் விடாமல் மேலேறுகிறது. ஆழத்தில் இருக்கும்வரை மேலே அழுத்தும் எடை அதை உருக விடாது. மேலே வர வர அழுத்தம் குறைந்து உருகுகிறது. ஊதுவத்தி முனைக்கு மேலே ஒரு காகிதத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், கருகிய துளைகள் வரிசையாக விழும். அந்தக் காகிதம் நம் நாடு. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தச் சூட்டின்மேல் இருந்தது மேற்கு இந்தியா. அன்று வழிந்து இறுகியதுதான் தக்காணத்துப் பசால்ட். இன்று மிஞ்சியிருப்பதே ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். அஜந்தாவும் எல்லோராவும் அதில் குடைந்தவை. மராட்டியத்தின் பருத்திக் கரிசல் அது பொடிந்து வந்தது. தட்டு நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றுக்கு அடியிலுள்ள கடல்மேடு வளர்ந்தது. பிறகு மொரீஷியஸ். கடைசியில் ரீயூனியன். கப்பலேறியவர்கள் தெரியாமலே ஒரே நெருப்பின் பழைய தடத்தை ஒட்டித்தான் பயணம் போயிருக்கிறார்கள்.

இறுகிய குழம்பு மண்ணாவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். முதல் சில ஆண்டுகளில் சாம்பல் நிறக் கற்பாசி ஒட்டுகிறது. பிறகு விரிசலில் பெரணி. அதன் மக்கிலிருந்து செடி, பிறகு மரம். இதை விரைவாக்குவது மழை. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மலைமேல் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது. காரைக்கால் ஓராண்டில் காண்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த மழை பாறையைக் கரைத்து, அதிலிருக்கும் சுண்ணாம்பையும் இரும்பையும் மக்னீசியத்தையும் வேருக்குத் தருகிறது.

அந்த ஈரச் சரிவில் மரநிழலில் வனிலாக் கொடி ஏறுகிறது. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி. அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீ அங்கே இல்லை. 1841இல் சேந்த்-சூசானில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டான். ஒரே ஒரு காலை மட்டும் விரிந்திருக்கும் பூவை இடது கையில் பிடித்து, மெல்லிய குச்சியால் நடுவிலிருக்கும் சவ்வைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. உலகெங்கும் இன்றும் வனிலாத் தோட்டங்களில் நடப்பது அவன் கைப்பழக்கம்தான். அவனோ 1880இல் வறுமையில் செத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நம் ஆறு சுமந்து வந்த வண்டலின் கதையும் மாறிவிட்டது. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அதில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கடைமடைக்கு வருவது தெளிந்த தண்ணீர். ஃபூர்நேஸ் இன்னும் நிலம் போட்டுக்கொண்டிருக்கிறது. 1986 மார்ச்சில் சேன்-ஃபிலிப் பக்கம் குழம்பு கடலில் இறங்கி, அதுவரை அலையடித்த இடத்தில் பாறை மேடையாக நின்றது. காரைக்காலில் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு அந்த நிலத்தைவிட வயது அதிகம். அந்தக் கரையோரம் வாக்கோவா என்ற மரம் முட்டுவேர்களை ஊன்றி நிற்கிறது. அதன் ஓலையில் கூடை முடைகிறார்கள். நம் வாய்க்கால் கரைத் தாழையின் உறவு அது.