கொல்லிமலையில் ஒரு குளிர்காலம்

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் பஸ் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டு வரும் குழந்தைகள் முப்பதாவது வளைவுக்குள் தாயின் மடியில் தலை சாய்த்து விடுகின்றன. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், கடல் மட்டத்துக்குச் சுமார் 4,000 அடி உயரத்தில், சாமையும் கேழ்வரகும் மிளகும் பலாவும் விளையும் ஒரு தனி உலகம் விரிந்து கிடக்கிறது. மார்கழி மாதமானால் காலை ஒன்பது மணிக்கும் எதிரே வரும் ஆள் தெரியாதபடி பனிமூட்டம்.

பஸ்ஸில் உட்கார்ந்து ஏறுவதற்கே நாம் இவ்வளவு சிரமப்படுகிறோம். சாலையே இல்லாத காலத்தில், வயிற்றில் தலைச்சன் குழந்தையைத் தாங்கிக்கொண்டு இம்மலையில் வாழத் துணிந்த ஒரு பெண்மணியையும் அவளுடைய கணவனையும் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். அவர்கள் நம் தேசத்தவர் அல்லர். நம் மதத்தவரும் அல்லர். ஆயினும் அவர்களுடைய கதை நம் மலையின் கதை. அதைச் சொல்லி முடிக்கும்போது, நம்மவர்களைப் பற்றியும் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயரிலேயே அச்சம்

கொல்லிமலை தமிழர்களுக்குப் புதிதன்று. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. சங்கப் புலவர்கள் பாடிய மலை. கண்டாரைச் சிரித்துக் கொல்லும் கொல்லிப்பாவை காவல் நின்றதாகக் கதை சொல்லும் மலை. அறப்பளீசுவரர் கோயிலும், அதனருகே ஐயாறு விழும் ஆகாய கங்கையும் இன்று யாவரும் அறிந்தவை. ஆனால் நூறு வருஷங்களுக்கு முன்னால், சமவெளி மக்கள் இம்மலையின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் மனத்தில் எழுந்தது பாவையைப் பற்றிய பயமன்று. காய்ச்சலைப் பற்றிய பயம். மலையில் ஓரிரவு தங்கிவிட்டு வந்தால் குளிர் காய்ச்சல் நிச்சயம் என்று எண்ணினார்கள். காட்டு மூங்கிலுக்கோ பலாவுக்கோ ஏறினவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடப் பார்ப்பார்கள்.

இந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் குடியேறத் தீர்மானித்தார். 1885-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்தவர்; 1907-ல் கிறிஸ்தவ ஊழியராக இந்தியாவுக்கு வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான வைத்தியத்தில் சிறிது பயிற்சியும் பெற்றவர். அவர் மணந்துகொண்ட எவெலின் ஹாரிஸ், லண்டனில் செல்வக் குடும்பத்தில் 1879-ல் பிறந்து, சித்திரக்கலை பயின்றவர். கணவனைவிட ஆறு வயது மூத்தவர். 1913 ஆகஸ்டில் கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது 34.

கல்யாண நாளின் கதையை அவர்களுடைய வரலாற்றை எழுதியவர்கள் சுவையாகச் சொல்கிறார்கள். மணமக்கள் அன்றே மலையேறப் புறப்பட்டார்கள். டோலி தூக்குவதற்கு அமர்த்தியிருந்த ஆட்கள் வரவில்லை. வானமோ பொத்துக்கொண்டு கொட்டுகிறது. மணப்பெண் உடையோடு, சேறும் கல்லுமான ஒற்றையடிப் பாதையில் எவெலின் நடந்தே ஏறினார். நம் வீட்டுப் பெண்கள் கிருகப்பிரவேசத்துக்கு வலது காலை எடுத்து வைப்பார்கள். இந்தப் பெண்மணியோ ஒரு மலையையே காலால் அளந்து புக்ககம் புகுந்தாள்!

வாழவந்தி நாட்டில் அவர்கள் தங்கிய வீடும் அதே பாதையில் ஏறியதுதான். கீழே சமவெளியில் மரத்தால் செய்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து பூட்டிய வீடு அது.

பனியில் மசக்கை

அவர்களுடைய முதல் குழந்தை 1914-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ம் தேதி, ஆடி பிறக்கும் சமயத்தில் பிறந்தது. பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஐப்பசி அடைமழையில் கரு தங்கியிருக்கிறது. கார்த்திகைக் காற்றிலும் மார்கழிப் பனியிலும் மசக்கை. கல்யாணமாகி வந்த அந்த முதல் குளிர்காலம் முழுவதும் எவெலின் பிள்ளைத்தாய்ச்சி.

மசக்கை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? மாமியார் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைப்பாள். தாயார் ஊரிலிருந்து மாவடுவை அனுப்புவாள். ‘மாடிப்படி ஏறாதே, குடத்தைத் தூக்காதே’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு, பிறகு பிறந்தகம். எவெலினுக்குப் பிறந்தகம் கடலுக்கு அப்பால். கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். பக்கத்தில் மாமியாரும் இல்லை, மருத்துவச்சி என்று அவர் அறிந்த முகமும் இல்லை. உண்டென்று சொல்லக்கூடிய துணை கணவன் ஒருவனே.

கணவனுடைய வேலையோ வீட்டோடு இருக்கும் வேலையன்று. கொல்லிமலை பல நாடுகளாகப் பிரிந்த மலை. ஊர் என்று சொல்வது பத்து வீடும் இருபது வீடும் கொண்ட சிற்றூர்களை. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராக நடப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், சொத்தைப் பல்லைப் பிடுங்குவதும், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து பக்குவமாக இழுத்தெடுப்பதும் அந்தத் தம்பதிகளின் அன்றாட வாழ்க்கை. இதை உல்லாசப் பிரயாணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சித்திரம் பயின்ற எவெலினின் கண்களுக்கு, பனி விலகும்போது அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளே போதிய உல்லாசமாக இருந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவர் அந்த மலைகளை வரைந்து கொண்டிருந்தார்.

பிள்ளைத்தாய்ச்சி மலையில் நடக்கலாமா என்று வாசகிகள் கேட்கக்கூடும். அளவான நடை நல்லது என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். 4,000 அடி உயரத்தால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு இல்லை. பயப்பட வேண்டியவை வேறு: வழுக்கி விழுவது ஒன்று, அவசரத்துக்கு உதவி எட்டாமல் போவது ஒன்று, எல்லாவற்றையும்விட மலைக்காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-ல் நம் செகந்திராபாத்தில்தான் கண்டுபிடித்தார். கர்ப்பிணிகளை அந்நோய் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும், இரத்தம் குறையும், கருச்சிதைவும் எடை குறைந்த பிரசவமும் நேரும். கொசுவலையும் கொயினாவும் தவிர 1913-ல் வேறு ஆயுதம் கிடையாது.

இந்த ஆபத்து வெறும் கற்பனையன்று. பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு அந்தக் காய்ச்சல் வட்டியோடு வசூலித்தது. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். அப்போது அவருக்கு 44 வயது. மகனும் மகளும் படிப்புக்காக 1923-லேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். தந்தை இறந்த செய்தி தந்தியில் பறந்துவிட்டது. கப்பலில் வந்த அவருடைய கடிதங்களோ அதற்குப் பிறகும் மகனுக்கு வந்து கொண்டிருந்தன.

வலியைப் பற்றிய பாடம்

அந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப் போன விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தியவர். ஒரு நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த கைக்கு மறுபடியும் பிடிக்கும் சக்தி தந்தார். பெரு வியாதி விரல்களை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பி வந்தது. அது பெரும்பாலும் தவறு என்று அவர் காட்டினார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தைக் கையால் எடுக்கிறான், காலில் தைத்த ஆணியோடு நடக்கிறான். விரலைத் தின்பது வியாதியன்று, வலியின்மையே. வலி என்பது யாரும் விரும்பாத வரம் என்று பிற்காலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். 2003-ல் காலமானார்.

இத்தனைக்கும் அவர் முதலில் வைத்தியராகவே விரும்பவில்லை. சிறு வயதில் மலைவாசிகளின் சீழ்ப்புண்களைத் தந்தை கழுவுவதைப் பார்த்து அருவருப்புக் கொண்டவர். கட்டட வேலை பழகிவிட்டு, பிறகுதான் மருத்துவத்துக்குத் திரும்பினார். எந்தக் காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பினாரோ, அந்தக் காட்சியே கடைசியில் அவருடைய தொழிலாயிற்று.

தாயாரோ மகனையும் மிஞ்சினார். விதவையாகி நெடுங்காலம் சமவெளியில் ஊழியம் செய்து, எழுபது வயதை எட்டும் தருவாயில் ஓய்வு பெற்று, யாருடைய சம்பளமும் இல்லாமல் மறுபடியும் கொல்லிமலை ஏறினார். கால்கள் தளர்ந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும், மட்டக்குதிரை மீது அமர்ந்தும் மலைத்தொடர்களைச் சுற்றி வந்தார். வாழ்வின் கடைசி வருஷங்களில் முகம் பார்க்க அவர் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95-வது வயதில் இறந்தபோது, மலைமேல் கணவனுக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அதுவும் ஒரு மார்கழிதான்.

அவர்கள் வந்த நோக்கங்களில் மதப் பிரசாரமும் ஒன்று என்பதை நாம் மறைக்கவில்லை. அதில் நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். முதல் சில வருஷங்களில் ஒருவர்கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை; ஆனாலும் புண்ணுக்கு மருந்து போடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. கொள்கையை ஏற்காமலே ஒருவருடைய தொண்டைப் போற்றலாம். அது நமக்குக் காந்தியடிகள் கற்றுக் கொடுத்த மரியாதை.

சரித்திரம் எழுதாத தாய்மார்கள்

இப்பொழுது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருவோம். அதே 1913-ம் வருஷத்து மார்கழியில், அதே வாழவந்தி நாட்டில், எத்தனை மலையாளிப் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிகளாக இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு மரவீடு இல்லை, கொயினா இல்லை, கொசுவலை இல்லை. விறகுக் கட்டையும் சாமை மூட்டையும் தலையில் சுமந்து அதே பாதையில்தான் இறங்கி ஏறினார்கள். எவெலின் அம்மையாரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். இவர்களில் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா? தானே விரும்பி ஏறுகிறவள் செய்வதைத் துணிச்சல் என்கிறோம். வேறு வழியின்றி ஏறுகிறவள் செய்வதை விதி என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இருவருடைய கால்களும் பட்ட கல் ஒன்றேதான்.

எவெலினுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறோம். முதுமையில் அவரைக் கீழே வந்து இளைப்பாறும்படி மகன் அழைத்தபோது, தாம் வந்துவிட்டால் அந்த ஊர்களில் புண்ணைக் கட்டுவதற்கும் பல்லைப் பிடுங்குவதற்கும் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டாராம். அந்தக் கேள்வி மகனுக்கு மட்டும் உரியதன்று.

இன்று கொல்லிமலைக்குச் சாலை இருக்கிறது. செம்மேட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 என்று கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. இவையெல்லாம் சுதந்திர நாடு தன் மக்களுக்குச் செய்து கொடுத்தவை, பெருமைப்பட வேண்டியவை. ஆனால் அதே நாமக்கல் மாவட்டத்துப் போதமலையைப் பாருங்கள். 2019-லும் 2021-லும் நடந்த தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களை ஆட்கள் சுமந்துகொண்டு நடந்தே அம்மலைக்கு ஏறினார்கள். வாக்கு மேலே ஏறிய பாதையில்தான், வலி கண்ட பெண்களும் நோயாளிகளும் மூங்கில் கழியில் கட்டிய தூளியில் கீழே இறங்கினார்கள். 1913-ல் ஒரு மணப்பெண்ணுக்கு டோலி கிடைக்காதது வேடிக்கையான கதை. நூறு வருஷங்களுக்குப் பின்னும் ஒரு தாய்க்கு டோலியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காதது வேடிக்கையன்று.

உடம்பில் ஓரிடத்தில் வலி தெரியாமல் போனால் அந்த உறுப்பை நாளடைவில் இழந்துவிடுவோம் என்று பால் பிராண்ட் கண்டறிந்தார். ஒரு தேசத்துக்கும் அது பொருந்தும். அடுத்த முறை மார்கழியில் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், ஆகாய கங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, திரும்பும் வழியில் விறகுச் சுமையோடு ஒதுங்கி நிற்கும் மலைப் பெண்ணைக் கண்டால் ஒரு கணம் நின்று பாருங்கள். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது நமக்கு 70 வளைவுகளே தெரிகின்றன. அவளுடைய ஊருக்குப் போகும் பாதையை எண்ணி, இத்தனை என்று பலகை நட்டவர் ஒருவரும் இல்லை.